இல்லாத கோப்பும் பொய்ச் சாட்சியும்

தேனி மாவட்டத்தில் போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கும் பொட்டிப்புரத்தின் பெயரைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அங்குள்ள அம்பரப்பர் மலையை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தூரம் குடைந்து, மலையின் வயிற்றில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் ஒன்றை அமைப்பது திட்டம். 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் அறிவிக்கப்பட்டது. 2018-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், வனவிலங்கு வாரியத்தின் அனுமதியும் பெற வேண்டும் என்றது. 2022-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்திற்கு எதிராக மனுத் தாக்கல் செய்தது. மலை இன்னும் குடையப்படவில்லை.

திட்டம் வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்குக்குள் இங்கே புக வேண்டாம். வேறொன்றைக் கவனியுங்கள். 50,000 டன் இரும்பாலான அந்தக் கருவி இன்றைக்கு எங்கே இருக்கிறது? மதுரையில் 2018 முதல் இயங்கிவரும் 85 டன் சிறு மாதிரியை விட்டுவிட்டால், அது கணிப்பொறிக்குள்தான் இருக்கிறது. இரும்புத் தகடு இத்தனை, தடிமன் இவ்வளவு, காந்தப்புலம் இன்ன அளவு என்று எண்களாகச் சொல்லி, அதனுள் ஒரு மியூவான் துகள் பாய்ந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். இதற்கு ஜியன்ட்-4 என்ற புரோகிராம் தொகுதி பயன்படுகிறது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தை மையமாகக் கொண்ட ஒரு பன்னாட்டுக் குழு உருவாக்கியது. முதல் வெளியீடு 1998-இல் வந்தது. இரும்பால் கட்டிய கருவியில் ஒரு தகடு காணாமற்போனால் கண்ணுக்குத் தெரியும். எண்களால் கட்டிய கருவியில் ஒரு கோப்பு காணாமற்போனால் தெரியுமா? தெரியாமல் போவதற்கும் வழியுண்டு என்பதுதான் இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

பெரிய புரோகிராம் எதுவும் ஒரே கோப்பாக எழுதப்படுவதில்லை. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கோப்புகளாக எழுதி, ஒவ்வொன்றையும் இயந்திர மொழிக்கு மாற்றி, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்க வேண்டும். ஒரு கோப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினால் எல்லாவற்றையும் மறுபடி மாற்றுவதா? மணிக்கணக்கில் காலம் வீணாகும். எதை மாற்ற வேண்டும் என்பதை மனிதன் நினைவில் வைத்துக்கொள்வதா? மறந்துவிடுவான். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இப்படித்தான் ஒருவர் ஒரு காலைப்பொழுது முழுவதையும் இழந்தார். அவர் பிழையைத் திருத்தியாயிற்று. ஆனால் திருத்திய கோப்பு மறுபடி மொழிமாற்றம் செய்யப்படவில்லை. பழைய பிழையே திரும்பத் திரும்ப எதிரே வந்து நின்றது. அவருடைய சகாவான ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இதற்காகவே 1976-இல் எழுதிய புரோகிராம்தான் 'மேக்'.

மேக்கின் மூளை மிக எளியது. ஒவ்வொரு விதியிலும் மூன்று பகுதிகள்: இலக்கு, அதற்கு வேண்டிய மூலப்பொருள்கள், செய்முறை. இலக்குக் கோப்பு இல்லாவிட்டாலோ, மூலப்பொருள் இலக்கைவிடப் புதியதாக இருந்தாலோ, செய்முறையை நடத்து; இல்லையேல் சும்மா இரு. கோப்பின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மேக் பார்ப்பதே இல்லை. கடைசியாக எழுதப்பட்ட நேரத்தை மட்டும் பார்க்கும். சமையற்காரர் மாவைத் தொட்டுப் பார்க்காமல், அரைத்த நேரத்தை மட்டும் கேட்டுத் தோசை வார்ப்பது போல. இந்த எளிமையால்தான் அது இத்தனை ஆண்டுகள் உயிரோடு இருக்கிறது. 2003-இல் ஃபெல்ட்மனுக்கு அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கத்தின் விருதையும் பெற்றுத் தந்தது. (செய்முறை வரி 'டேப்' குறியில்தான் தொடங்க வேண்டும் என்ற விசித்திரமான கட்டளையும் அவர் வைத்ததே. அதை மாற்றலாம் என்று எண்ணியபோது சுமார் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களாம். அவர்களுக்குத் தொல்லை தரக் கூடாதென்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக உலகம் இன்றளவும் டேப் தட்டுகிறது.)

இனி நம் விஷயத்துக்கு வருவோம். ஒரே புரோகிராம் பல வகைக் கணிப்பொறிகளில் ஓட வேண்டும். இந்த இயந்திரத்தில் இன்ன வசதி உண்டு, இன்னது இல்லை என்று கண்டறிந்து 'கான்பிக்.எச்' என்ற அமைப்புக் கோப்பில் எழுதிவைப்பது வழக்கம். 1991-இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய ஆட்டோகான்ப் என்ற கருவி இந்த வேலையைச் செய்கிறது. முதலில் 'கன்ஃபிகர்' என்ற ஆணைத்தொடர் ஓடி இயந்திரத்தைச் சோதிக்கிறது. கண்டவற்றையெல்லாம் 'கான்பிக்.ஸ்டேட்டஸ்' என்ற கோப்பில் பதிகிறது. அக்கோப்பு பிறகு ஒரு வார்ப்பை எடுத்து, காலியிடங்களை நிரப்பி, கான்பிக்.எச்-ஐப் பிறப்பிக்கிறது.

ஏறக்குறைய எல்லாக் கோப்புகளும் கான்பிக்.எச்-ஐ வாசிக்கின்றன. ஆகவே அதன் நேரம் மாறினால் மேக் அத்தனையையும் மறுபடி மொழிமாற்றம் செய்யும். இதைத் தவிர்க்க, புதிதாகப் பிறப்பித்த உள்ளடக்கம் பழையதற்கு எழுத்துப் பிசகாமல் சமமாக இருந்தால், கான்பிக்.ஸ்டேட்டஸ் பழைய கோப்பைத் தொடாமல் விட்டுவிடுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் இதனால் ஒரு சிக்கல் முளைக்கிறது. வார்ப்பு புதியது, கான்பிக்.எச் பழையது என்ற நிலை அப்படியே நீடிக்கும். ஒவ்வொரு முறையும் மேக் செய்முறையை வீணாக நடத்திக்கொண்டே இருக்கும். அதற்கு மாற்றாக 'முத்திரைக் கோப்பு' ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதில் பொருளாக எதுவும் இல்லை. வேலை எப்போது நடந்தது என்பதற்கு அது வெறும் சாட்சி. வார்ப்பு மாறினால் முத்திரையின் செய்முறை நடக்கும், கான்பிக்.எச் முத்திரையைச் சார்ந்தது என்று ஒரு விதி இருக்கும். அந்த விதியின் செய்முறை மட்டும் காலி.

காலி! குறை அங்கேதான் இருக்கிறது.

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரத்துக்குப் பெயர்பெற்றது. அங்கே ஒரு கிட்டங்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூட்டை வந்து சேர்ந்ததும் கணக்கர் பதிவேட்டில் நேரத்தைக் குறிக்கிறார். மறுநாள் மூட்டையைக் கேட்டு ஆள் வருகிறார். கணக்கர் பதிவேட்டைப் புரட்டி, "நேற்றுப் பிற்பகல் 3 மணிக்கே வந்தாயிற்று, ஒரு வேலையும் பாக்கி இல்லை" என்கிறார். மூட்டை இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. கணக்கர் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. யாரோ கான்பிக்.எச்-ஐ அழித்துவிட்டார்கள், முத்திரைக் கோப்பு தப்பித்துக்கொண்டது என்றால், மேக் செய்வதும் இதுவே. கான்பிக்.எச் இல்லை என்பது அதற்குத் தெரியும். உடனே அதன் விதியைத் தேடும். முத்திரை புதியதாக இருக்கிறது, சரி. செய்முறையை நடத்து, செய்முறை காலி, ஆகவே நடத்தியாயிற்று. இலக்கு உருவாகிவிட்டது என்று நம்பி மேக் மேலே போகும். அடுத்து வரும் மொழிமாற்றிதான் "அப்படி ஒரு கோப்பே இல்லையே" என்று அலறும். நீங்கள் மறுபடி மேக்கைக் கூப்பிட்டால், மறுபடி அதே பதில்.

இதைத் தீர்க்க ஆட்டோமேக் என்ற துணைக்கருவி கான்பிக்.எச்-இன் செய்முறையில் இரண்டு வரிகளை எழுதுகிறது. முதல் வரி: கான்பிக்.எச் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் முத்திரையை அழி. இரண்டாம் வரி: இன்னும் இல்லையென்றால், முத்திரையை உருவாக்கச் சொல்லி மேக்கைப் புதிதாகக் கூப்பிடு. பொய்ச் சாட்சியை முதலில் ஒழித்துவிட்டால் மேக் தன் இயல்பான வழியிலேயே வார்ப்பிலிருந்து கோப்பைப் பிறப்பித்துவிடும். கணக்கர் எழுந்துபோய் மூட்டையைப் பார்த்து, இல்லையென்றால் பதிவேட்டின் வரியை அடித்துவிட்டு, மறுபடி சரக்குக்கு ஆளனுப்புவது போன்றது இது.

இவை ஏன் இரண்டு வரிகள், ஒன்றாகவே எழுதலாமே என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். பழைய வெளியீடுகளில் ஒரே வரியாகத்தான் இருந்தது. அதில் ஒரு பொறி இருந்தது. மேக்கிடம் "எதையும் செய்யாதே, என்ன செய்வாய் என்று மட்டும் சொல்" என்று கேட்கும் வசதி உண்டு. ஆனால் மேக்கையே மறுபடி கூப்பிடும் வரிகளை அந்த நிலையிலும் அது நிஜமாகவே நடத்திவிடும். உள்ளே கூப்பிட்ட மேக்கும் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டுமே, அதற்காக. எனவே, அழிக்கும் ஆணையும் கூப்பிடும் ஆணையும் ஒரே வரியில் இருந்தால், வெறுமனே விசாரிக்க வந்தவர் முத்திரையை அழித்துவிட்டுப் போவார். இரண்டாகப் பிரித்தபின், விசாரணையின்போது முதல் வரி அச்சிடப்படுவதோடு நின்றுவிடும். இதை எழுதியவர்களின் கவனத்தைப் பாராட்ட வேண்டும். எவரும் படிக்காத மூலையில், எப்போதோ ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சிக்காகச் செய்த வேலை அது.

ஆனால் பாராட்டு இதோடு நிற்க வேண்டும். இந்த விதியைப் பார்த்துவிட்டு, "அமைப்புக் கோப்பு காணவில்லையா, தானாகவே உண்டாக்கிவிடு" என்பதை ஒரு பொதுக் கொள்கையாக எடுத்துக்கொள்பவர்கள் பலர். மாணவர்கள் எழுதும் மேக் கோப்புகளில், "அமைப்புக் கோப்பு இல்லையென்றால் மாதிரிக் கோப்பைப் படியெடு" என்ற விதியைப் பல இடங்களில் காணலாம். மேற்சொன்ன விதியின் தம்பி போலத் தோன்றும். உண்மையில் அதற்கு நேர் எதிரானது. கான்பிக்.எச் பிறப்பிக்கப்பட்ட கோப்பு. அதன் தாயும் தந்தையுமான வார்ப்பும் கான்பிக்.ஸ்டேட்டஸும் பத்திரமாக இருக்கும்வரை, நூறு முறை அழிந்தாலும் நூறு முறையும் அதே கோப்பு பிறக்கும். மனிதன் தீர்மானித்து எழுதிய அமைப்புக் கோப்பு அப்படியன்று. அதற்குத் தாய் தந்தை இல்லை. எழுதியவரின் தீர்மானம்தான் மூலம். மாதிரியிலிருந்து படியெடுத்தால் வருவது அதே பெயரைத் தாங்கிய வேறொரு கோப்பு.

இது வெறும் சொல் வேறுபாடு அன்று என்பதைப் பொட்டிப்புரத்துக் கருவியை வைத்தே காட்டுகிறேன். நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

பொட்டிப்புரம் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முன், 2006-இல், வெளிவந்த திட்ட அறிக்கையில் கருவிக்கு 140 இரும்பு அடுக்குகள். ஒவ்வொன்றும் 6 சென்டிமீட்டர் தடிமன். அடுக்குகளுக்கு நடுவே 2.5 சென்டிமீட்டர் இடைவெளி. 2015-இல் எழுதப்பட்டு 2017-இல் பிரமாணா ஆய்விதழில் வந்த அறிக்கையில் 151 அடுக்குகள், தடிமன் 5.6 சென்டிமீட்டர், இடைவெளி 4 சென்டிமீட்டர். இரண்டிலும் கருவி மூன்று பகுதிகளாக நிற்கிறது. ஒவ்வொரு பகுதியும் 16 மீட்டருக்கு 16 மீட்டர். இந்த எண்கள் ஓர் அமைப்புக் கோப்பில் இருப்பதாகக் கொள்வோம். அது காணாமற்போகிறது. விதி, என்றோ எழுதி வைத்த பழைய மாதிரியைப் படியெடுத்து வைத்துவிடுகிறது. இப்படி ஒரு விபத்து நடந்ததாக நான் சொல்லவில்லை. நடந்தால் கண்டுபிடிக்க முடியுமா என்பதே கேள்வி.

முதலில் எடையைப் பார்ப்போம். பழைய கணக்கில் இரும்பின் மொத்த உயரம் 140 × 6 = 840 சென்டிமீட்டர்; புதியதில் 151 × 5.6 = 845.6 சென்டிமீட்டர். அடிப்பரப்பு 3 × 16 × 16 = 768 சதுர மீட்டர். இரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 7.86 டன். பெருக்கிப் பாருங்கள்: பழையது சுமார் 50,700 டன், புதியது சுமார் 51,000 டன். நூற்றுக்கு ஒரு பங்குகூட வேறுபாடில்லை! 50,000 டன் கருவி என்று எல்லோர் நினைவிலும் இருக்கும் அந்த எண்ணைக் கொண்டு சோதிப்பவர், எல்லாம் சரி என்று எழுந்து போய்விடுவார். உயரத்தைச் சோதித்தால் குட்டு வெளிப்படும்; இடைவெளிகளையும் சேர்த்தால் ஒன்று சுமார் 12 மீட்டர், மற்றொன்று சுமார் 14.5 மீட்டர். ஆனால் உயரத்தைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே.

காந்தப்புலத்தில் ஆபத்து இன்னும் நுட்பமானது. மியூவான் எந்தப் பக்கம் வளைகிறது என்பதைக் கொண்டு, வந்தது நியூட்ரினோவா, எதிர்நியூட்ரினோவா என்று பிரித்தறிவதுதான் இக்கருவியின் தனிச்சிறப்பு. எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து அதன் உந்தம் கிடைக்கும்; உந்தம், காந்தப்புலத்தையும் வளைவின் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. பாதைகளை 1.5 டெஸ்லா புலத்தில் கணக்கிட்டுவிட்டு, அளக்கும் பகுதி மாதிரிக் கோப்பிலிருந்து 1.3 டெஸ்லாவை எடுத்துக்கொண்டால், வளைவைக் கொண்டு காணும் ஒவ்வோர் உந்தமும் சுமார் 13 சதவீதம் குறைந்து வரும். புரோகிராம் நிற்காது, எந்தப் பிழைச் செய்தியும் வராது. அழகான வரைபடங்கள் வந்துகொண்டே இருக்கும். மொழிமாற்றி அலறுவது எவ்வளவோ மேல்.

மற்றவர்கள் இதை எப்படிக் கையாள்கிறார்கள்? என் பார்வையில் மிகச் சரியாகச் செய்திருப்பது லினக்ஸ் கெர்னல். அதில் மனிதன் தேர்ந்தெடுத்த அமைப்புகள் ஒரு கோப்பில் இருக்கும். அதிலிருந்து பிறப்பிக்கப்பட்டவை வேறு கோப்புகளில் இருக்கும். பிறப்பிக்கப்பட்டவை காணாவிட்டால் விதி அவற்றை மறுபடி உண்டாக்குகிறது. மூலக் கோப்பே காணாவிட்டாலோ, அதற்கும் ஒரு விதி இருக்கிறது, அதன் செய்முறை, "அமைப்புக் கோப்பு இல்லை, அமைக்கும் கருவி ஒன்றை முதலில் ஓட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு வேண்டுமென்றே தோல்வியடைவதுதான்! இதிலும் ஒரு நெளிவு உண்டு. ஒரே ஓட்டத்தில் பல கோப்புகள் பிறக்கின்றன. அவற்றுள் எது காணாமற்போனாலும் அந்த ஓட்டம் ஒருமுறை மட்டும் நடக்க வேண்டும். சாதாரண விதியில் இதைச் சொல்ல மேக்கில் நெடுங்காலம் வழியே இல்லை. 2020 ஜனவரியில் வந்த குனு மேக் 4.3-இல்தான் 'இவை யாவும் ஒரே பிரசவம்' என்று எழுத ஒரு குறி கிடைத்தது. அதுவரை வேறு வகை விதிகளைத் தந்திரமாகப் பயன்படுத்திச் சமாளித்தார்கள்.

ஜியன்ட்-4 இப்போது சிமேக் என்ற கருவியால் உருவாக்கப்படுகிறது. சிமேக், தான் பிறப்பித்த அமைப்புக் கோப்புகளின் பட்டியலை வைத்திருக்கிறது. அவற்றின் நேரத்தைப் பார்ப்பதில்லை. இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறது. ஒன்று இல்லாவிட்டாலும் தன்னை மறுபடி ஓட்டிக்கொள்கிறது. முத்திரைக் கோப்பின் பொய்க்கு இங்கே இடமில்லை. எனினும், உங்கள் தெரிவுகளையும் அது அதே வேலைக் கோப்பகத்தில்தான், பிறப்பிக்கப்பட்டவற்றோடு சேர்த்து வைக்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் கோப்பகத்தை அழித்துவிட்டு மறுபடி சிமேக்கைக் கூப்பிட்டால், நீங்கள் விசேஷமாகச் சொல்லியிருந்தவை போய், அதற்கு இயல்பான மதிப்புகள் வந்து உட்காரும். ஆட்டோகான்பிலோ கான்பிக்.ஸ்டேட்டஸ் காணாமற்போனால் வேடிக்கை: அதைப் புதுப்பிக்கும் விதியின் செய்முறை அதே கான்பிக்.ஸ்டேட்டஸைத்தான் கூப்பிடுகிறது. செய்தி ஒன்றும் புரியாதபடி வரும். ஆனாலும் வேலை நின்றுவிடுகிறது. தெரிந்தோ தெரியாமலோ, அது சரியே.

கணிப்பொறி கையில் இருப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். காலிக் கோப்பகம் ஒன்றில் 'வரைவு' என்ற கோப்பை எழுதுங்கள். மேக் கோப்பில் இரண்டு விதிகள் போதும். முதலாவது: 'கடிதம்' என்பது 'முத்திரை'யைச் சார்ந்தது, செய்முறை காலி, ஓர் அரைப்புள்ளி மட்டும். இரண்டாவது: 'முத்திரை' என்பது 'வரைவை'ச் சார்ந்தது, செய்முறை, வரைவைக் கடிதமாகப் படியெடுத்து, முத்திரையின் நேரத்தைப் புதுப்பிப்பது. ஒருமுறை ஓட்டினால் கடிதம் வரும். கடிதத்தை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்ற பொருளில் ஒரு செய்தி வரும், கடிதம் வராது. இப்போது அரைப்புள்ளியை எடுத்துவிட்டு, மேலே சொன்ன இரண்டு வரிகளை அங்கே எழுதுங்கள். கடிதம் வந்துவிடும். கடைசியாக வரைவு, கடிதம் இரண்டையும் அழித்துவிட்டுக் கூப்பிடுங்கள். வரைவை உண்டாக்க விதி எதுவும் இல்லை என்று மேக் நின்றுவிடும். அந்த இடத்தில் புதிதாக விதி எதையும் எழுதிச் சேர்த்துவிடாதீர்கள்.